துணைக்கு வந்தவளின் நெஞ்சு

அந்த வீட்டில் நெஞ்சு என்று சொன்னால் அது அவருடைய நெஞ்சுதான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். சில வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகலில், கூடத்தின் நடுவில் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மேசையையும் அதன் மேலிருந்த தண்ணீர்க் குவளையையும் சேர்த்துத் தள்ளியபடி தடாலென்று விழுந்தார். மாரடைப்பு. தெருவே திரண்டு வந்தது. மாடி வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து தூக்கினார். அன்று முதல் அந்த வீட்டில் உப்பு குறைந்தது, எண்ணெய் குறைந்தது, பேச்சுச் சத்தமும் குறைந்தது. தொலைக்காட்சியில் அடிதடிக் காட்சி வந்தால் அவர் மனைவி சட்டென்று சேனலை மாற்றிவிடுவாள். வெளியூரிலிருந்து மகள் போன் செய்தால் எடுத்த எடுப்பில் கேட்பது, "அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?" அம்மாவுக்கு எப்படி என்றும் ஒரு கேள்வி இருக்கலாம் என்பது அந்த அம்மாவுக்கே தோன்றியதில்லை.

அந்த அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு நூலக்கா என்று பெயர். எப்போது பார்த்தாலும் முடியிலோ முழங்கையிலோ ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துவிட்டால் அடுத்த நிமிடம் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். நாடக அரங்குகளுக்குத் திரை தைக்கும் பட்டறை அது. நீளமான கூடம், ஆளுயரத்துக்கும் மேலே ஜன்னல்கள், பளபளவென்று தேய்ந்த மரத்தரை. துணியைத் தரை முழுக்க விரித்து, பெண்கள் வெறுங்காலோடு அதன் மேலேயே உட்கார்ந்து மடிப்புப் பிடிப்பார்கள். கதை நடந்த சமயத்தில் அங்கே விரிந்து கிடந்தது கருநீல வெல்வெட். பெரிய அரங்கு ஒன்றின் முன்திரை.

அந்த நீலம் ஆளை என்னவோ செய்தது. காற்றாடி சுற்றினால் துணியின் மேல்மயிர் ஒருபக்கமாகச் சாய்ந்து, வெளிச்சம் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நகரும். சாப்பாட்டு வேளையில் நூலக்கா மடித்துப் போட்ட ஓரத்தில் தலையைச் சாய்ப்பாள். அரைக்கண் மூடினால் போதும், தரை இருக்காது, சுவர் இருக்காது, தையல் இயந்திரங்களின் சத்தம் எங்கோ தூரத்து அறையில் கேட்கும். நீலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருப்பாள். அது அவளுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. முன்பெல்லாம் அப்படிப் படுக்கிறவள் இல்லை அவள். இப்போது படுத்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

"என்னக்கா, திரைக்குள்ளயே குடித்தனம் போயிட்டியா?" என்பாள் வாயாடி. அவள் அடுத்த இயந்திரக்காரி. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம், ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

"ஒரே அசதியா இருக்குடி."

"யாருக்குத்தான் அசதி இல்ல? எழுந்திரு, முதலாளியம்மா வர்ற சத்தம் கேக்குது."

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கையும் மடிப்பைப் பிடித்திருக்கும்போது குண்டூசிகளை எங்கே வைப்பது? வாயில்தான். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு வரிசையாகக் கவ்விக்கொள்வார்கள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டையும் போடுவார்கள். வருடக்கணக்கில் இப்படிக் கவ்விக் கவ்வித் தாடை வலிக்கும். அந்த வலிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஊசிவாய். ஊசிவாய் வராதவளைத் தொழில் தெரிந்தவளாகவே மதிக்க மாட்டார்கள். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தால் தீர்ந்தது.

ஆகவே, வெல்வெட் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பரண் படிகளில் ஏறும்போது நூலக்காவுக்கு இடது தாடையில் ஒரு வலி வந்து, மெல்லக் கழுத்து வழியாக முதுகுப் பட்டைக்கு இறங்கியபோது, அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்தது. வயிற்றைப் புரட்டியது. கீழே நீலம் அலையலையாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எழுந்து சுருளைப் பரணில் ஏற்றிவிட்டு வந்தாள்.

"ஊசிவாய்" என்றாள் வாயாடியிடம்.

"முத்திப்போன ஊசிவாய்க்கு ஒரே மருந்துதான் அக்கா. முதலாளியம்மாவை வாய் நிறையத் திட்டணும். தாடை தானா லேசாயிடும்."

இருவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நூலக்கா ஊசிகளை வாயில் வைப்பதை விட்டுவிட்டு, மணிக்கட்டில் ஒரு பஞ்சுத்திண்டு கட்டி அதில் குத்திக்கொண்டாள். வலி என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது. படியேறினால் வந்தது, சுருள் தூக்கினால் வந்தது. ஊசியே இல்லாத வாய்க்கு எப்படி ஊசிவாய் வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் கவ்வினது சேர்ந்துபோய் இப்போது வேலையைக் காட்டுகிறது என்று பதிலும் சொல்லிக்கொண்டாள். தனக்கென்று வரும்போது மனுஷி எவ்வளவு சுலபமாகச் சமாதானம் ஆகிவிடுகிறாள் பாருங்கள்! இதே வலி அவருக்கு வந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள்.

காலை நடை என்று ஒன்று இருந்தது. அவருடைய நெஞ்சுக்காக மருத்துவர் சொன்ன நடை. வாய்க்கால் ஓரமாக, மூடிய கடைகளைத் தாண்டி, சின்னப் பாலத்தில் ஏறி இறங்கி, அப்பால் உள்ள பெஞ்சு வரைக்கும். ஆரம்பத்தில் அவர் பாலத்தருகே வந்ததும் நின்றுவிடுவார். அவளும் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து நிற்பாள். அவருக்காக நிற்பது அவருக்குத் தெரியக்கூடாதே! ரோஷக்கார மனிதர். வண்டியை யாரும் முந்தவிடாமல் ஓட்டிய கை அது.

இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. அவர் கையை வீசிக்கொண்டு பாலத்தை ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிடுவார். அவள் பாதி ஏற்றத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாய்க்கால் மேல் பனி படர்ந்திருக்கும். அதற்குள் அவர் சட்டை வெள்ளையாகத் தெரிந்து, சின்னதாகி, கரைந்துவிடும். தாடையைத் தேய்த்தபடி அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீடு, மாத்திரை, திரை, மகள் என்று எதுவும் நினைவில் இருக்காது. மூச்சு திரும்பி வரும் வரை அப்படியொரு நிம்மதியான வெறுமை. பிறகு நடப்பாள்.

பெஞ்சில் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"என்ன, இன்னைக்கும் தோத்தாச்சா?"

"உங்களை யாரால முந்த முடியும்?"

"வயசானது எனக்கா உனக்கா தெரியலையே!"

அந்த முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்கவேண்டுமே. எத்தனை காலம் கழித்து வந்த பூரிப்பு! அவளுக்குத் தன் வலியெல்லாம் மறந்துபோகும். வேண்டுமென்றேதான் தோற்றுக்கொடுக்கிறோம் என்று அவளாகவே நினைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். போகப்போக அதை உண்மையாகவே நம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய வழக்கமான பரிசோதனை வந்தது. முந்தின நாள் பட்டறையில் திரையின் கடைசி ஓரத்தைத் தவிர எல்லாம் முடிந்திருந்தது. கனமான சங்கிலியை அடிவிளிம்புக்குள் கோத்து வாய் தைக்க வேண்டும், திரை நேராகத் தொங்க அதுதான் முக்கியம். அந்தக் கைத்தையலுக்கு நூலக்காவை விட்டால் ஆள் கிடையாது. "டாக்டரைப் பார்த்துட்டு நேரா வந்துடு அக்கா" என்று முதலாளியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

இதய மருத்துவரின் அறை மாடியில் இருந்தது. லிஃப்டுக்குக் கூட்டம். "படியில போலாம், எனக்கென்ன!" என்று அவர் கிளம்பிவிட்டார். அவளும் ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது தாடை விண்விண்ணென்றது. வழக்கமாக நின்றால் போய்விடும் வலி, அன்று உட்கார்ந்த பிறகும் முழுதாகப் போகவில்லை.

அந்த அறையில் நோயாளிக்கு மருத்துவரின் மேசையருகே ஒரு முக்காலி, துணைக்கு வந்தவருக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி. அவளுடைய இடம் எப்போதும் அந்த நாற்காலிதான். மடியில் பையை வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் அவருடைய மாத்திரைகளின் பெயர்களைச் சொல்வாள். மருத்துவருக்கு அவள் குரல் தெரியும். முகம் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

"நடையெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார் மருத்துவர், எழுதிக்கொண்டே.

இதற்காகத்தானே காத்திருந்தார் நம்ம ஆள்!

"அதை ஏன் கேக்குறீங்க டாக்டர்! முன்னாடி எல்லாம் இவ எனக்காக நிப்பா. இப்ப நான் இவளுக்காகக் காத்துக் கிடக்கிறேன். பாலத்துப் பக்கம் வந்தாலே சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடுறா. தாடையைத் தேய்ச்சுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு... நான் பெஞ்சுல போய் உக்காந்து எனக்கு வேர்வையே காஞ்சிடும்! அப்புறம்தான் மேடம் வருவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடச் சிரிப்பார் என்று மருத்துவரின் முகத்தைப் பார்த்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். தலையைத் திருப்பிச் சுவரோர நாற்காலியைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கும்மா சுவரைப் பிடிச்சீங்க?"

"சும்மாதான் டாக்டர்."

"சும்மா யாரும் பிடிக்க மாட்டாங்க. தாடையில என்ன?"

"அது ஊசிவாய், டாக்டர். எங்க தொழில்ல எல்லாருக்கும் வர்றது. வாயில குண்டூசி வச்சு வச்சு..."

"நடக்கும்போதும் வாயில ஊசி வச்சிருப்பீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"நடந்தா வருது, நின்னா போயிடுது. அப்படித்தானே?"

"ஆமாம்."

"இப்ப?"

அவள் கணவரைப் பார்த்தாள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இப்ப... இன்னும் முழுசாப் போகல" என்றாள்.

மருத்துவர் எழுந்துவிட்டார். "சார், நீங்க அந்த நாற்காலிக்குப் போங்க. அம்மா, இங்க வாங்க."

"நானா?" என்றார் அவர். முக்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதே அவருக்குப் புரியவில்லை.

அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டை இறுகியது. இத்தனை வருடம் அந்த அறைக்கு வந்து போயும் அந்தப் பட்டை அவள் கையைத் தொட்டதில்லை. அளவைப் பார்த்து மருத்துவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார். நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டு, ஈ.சி.ஜி. எடுக்க மார்பில் குளிர்ந்த வட்டங்களை ஒட்டினாள். படுத்தபடியே நூலக்கா அந்தத் திரையைப் பார்த்தாள். வெளுத்துப்போன துணி, விளிம்பில் தையல் கோணல். யார் தைத்தார்களோ என்று நினைத்தாள். மருத்துவரின் கேள்விகள் எங்கிருந்தோ வந்தன.

பிள்ளை உண்டாகியிருந்தபோது ரத்த அழுத்தம் ஏறியதா? ஏறியது. கால் வீங்கி, பார்வை மங்கி, கடைசி மாதம் முழுக்கப் படுக்கையில்தான். பிரசவம் ஆனதும் சரியாகிவிடும் என்றார்கள், சரியாகியும் விட்டது. மாதவிலக்கு எப்போது நின்றது? நாற்பதைத் தொடும் முன்பே. தொல்லை விட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அம்மா இருக்கிறார்களா?

"இல்ல டாக்டர். அவங்க சின்ன வயசுலயே போயிட்டாங்க. அசதியில."

"அசதியிலன்னா?"

"துணி உலர்த்திட்டு வந்து, அசதியா இருக்குன்னு உக்காந்தாங்க. முதுகு வலிக்குதுன்னாங்க. அப்படியே..."

வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அம்மா அசதியில் போனாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இத்தனை காலமும் யாருமே அதற்கு மேல் கேட்டதில்லை. அம்மா உட்கார்ந்திருந்த அந்த மரப்பெட்டியும், பக்கத்தில் இருந்த காலி வாளியும் பளிச்சென்று கண்முன் வந்தன.

"இது எல்லாமே இதய நோய்க்குக் கணக்குல வர்றதும்மா" என்றார் மருத்துவர். இப்போது நிதானமாகப் பேசினார். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாத்தான் மாரடைப்புன்னு இல்ல. பொம்பளைங்களுக்கும் நெஞ்சுவலி வரும். ஆனா நிறையப் பேருக்கு அது லேசா இருக்கும், இல்ல இந்த மாதிரி தாடையில, முதுகுல, மூச்சுல, அசதியில வந்து நிக்கும். அவங்களும் கண்டுக்க மாட்டாங்க, நாங்களும் கேக்க மாட்டோம். எத்தனை வருஷமா அந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க, நானே கேக்கல பாருங்க." கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போகக் கூடாது. ரத்தக்குழாய்க்குள்ள படம் எடுத்துப் பார்க்கணும், உடனே" என்றார்.

அவ்வளவுதான், அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு வர்றேன் டாக்டர். ஒரு திரை முடியப்போகுது, அடிவிளிம்பு மட்டும்தான் பாக்கி. அரங்கத்துக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அப்புறம் இவருக்கு மதிய மாத்திரை நான்தான் எடுத்துக் குடுக்கணும். இவருக்கு நெஞ்சு சரியில்ல, இவர் முன்னாடி இதெல்லாம்..."

"அம்மா, இது தள்ளிப்போடுற விஷயம் இல்ல."

"வலி இப்ப பரவாயில்ல டாக்டர், உண்மையாவே." பையைத் தேடினாள். செருப்பை மாட்டினாள். நிஜமாகவே கதவு வரைக்கும் போய்விட்டாள்.

கதவை மறித்துக்கொண்டு நின்றது அவர்தான். எப்போது அந்த நாற்காலியிலிருந்து எழுந்தாரோ தெரியவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. ஐயோ, இவருக்கு ஏதோ ஆகிறது என்று நினைத்தாள். "என்னங்க, என்ன பண்ணுது? உக்காருங்க!" என்று அவர் நெஞ்சில் கையை வைத்தாள்.

அந்தக் கையைப் பிடித்து அப்பால் எடுத்தார் அவர். "எனக்கு ஒண்ணும் பண்ணல. இன்னைக்கு என் நெஞ்சைப் பத்திப் பேசுனா எனக்குக் கெட்ட கோபம் வரும். குடு பையை."

"இல்லங்க, திரை..."

"திரை கிடக்கட்டும்! தொங்கலன்னா சுருட்டி வைக்கட்டும். நாடகம் பார்க்கிறவன் ஒரு நாள் பார்க்காம இருந்தா செத்துடமாட்டான். நீ செத்துடுவேடி!" குரல் உடைந்துவிட்டது. அறையில் இருந்த நர்ஸ் குனிந்துகொண்டாள். "எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? போய்ப் படு. தயவுசெஞ்சு போய்ப் படு."

கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் தயவுசெய்து என்று சொன்னதே இல்லை. அவள் செருப்பைக் கழற்றினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. தள்ளுகட்டில் போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒரு குளிர்ந்த அறை. மணிக்கட்டில் ஒரு சுருக்கென்ற குத்து. ஊசிகளோடு ஆயுள் முழுக்கப் புழங்கியவளுக்கு அது ஒரு குத்தா! பக்கத்தில் பெரிய திரையொன்று சாம்பல் நிறமாக ஒளிர்ந்தது. அதில் கிளைகிளையாக ஏதோ கறுப்பாக ஓடி ஓடி மறைந்தது. "அது உங்க இதயம்மா" என்று யாரோ சொன்னார்கள். தன் நெஞ்சை அவள் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். சின்னதாக, யாரும் கேட்காமலேயே விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அதன் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. பாவம், எத்தனை நாளாகக் கூப்பிட்டதோ.

ஒரு கிளை நடுவில் தையல் இறுகிச் சுருங்கிய துணி போல இருந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூடியிருக்கும்" என்றது மருத்துவரின் குரல். அந்த இடத்தில் ஒரு பலூன் விரிந்தது, கம்பி வலைக்குழாய் ஒன்று உட்கார்ந்தது. இத்தனை மாதமாகக் கூடவே இருந்த தாடை வலி, யாரோ கையை எடுத்தது போல விலகியது. நீலம் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவள் அதில் இறங்கவில்லை, மேலே மிதந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வார்டில் போன் வந்தது. வாயாடி.

"அக்கா! விஷயம் தெரிஞ்சு பட்டறையே ஆடிப்போச்சு. முதலாளியம்மா அழுறாங்க, என்னால நம்பவே முடியல. ஊசிவாய்ன்னுல்ல சொன்ன?"

"ஊசிவாய் இல்லடி அது."

"எனக்கும் இருக்கே அக்கா."

நூலக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "உனக்கு எப்ப வருது? ஊசி வச்சாலா, படி ஏறுனாலா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. அவளை அறிந்த நாளிலிருந்து வாயாடி பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கே போய்க் காட்டு. ஓரம் தைக்கிறேன், விளிம்பு தைக்கிறேன்னு உக்காந்துக்கிட்டு இருந்தே, நான் எழுந்து வந்து உதைப்பேன்."

"சரிக்கா" என்றாள் வாயாடி, சின்னக் குரலில்.

கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். தலை வாரவில்லை. "நான் சந்தோஷப்பட்டேன்" என்றார்.

"என்னது?"

"நீ பின்னாடி நின்னப்போ எல்லாம். ஜெயிச்சுட்டேன்னு. ஒவ்வொரு நாளும் பெஞ்சுல உக்காந்து சிரிச்சேன். நீ அங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டு..." இத்தனை பெரிய மனிதர், குழந்தை போலக் கண்ணைக் கசக்கினார்.

"அதைப் போய் நீங்க டாக்டர்கிட்ட பெருமை அடிக்கலன்னா நான் சங்கிலி கோக்கப் போயிருப்பேனே" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் வெட்கமில்லாமல் அழுதார்கள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நர்ஸ் வந்து, பார்க்க வந்தவர்கள் எல்லாம் கிளம்ப வேண்டும் என்றாள். அவர் எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டுச் சாயங்காலம் வர்றேன்" என்றார். வழக்கமான நூலக்காவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். போங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, மாத்திரை ஜன்னல் ஓரத்துல இருக்கு, எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். அத்தனையும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவள் கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் பார்க்காதது போல அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.